டிக்சன் தெருக் கஷாயமும் இரண்டாவது டிக்கெட்டும்

சிட்னி விமான நிலையத்தில் என்னிடமிருந்து முதலில் பறிபோனது வெந்தயம். அடுத்து நன்னாரி வேர். அதற்கடுத்து, அம்மா பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்துக் கொடுத்த ரோஜாப்பூ குல்கந்து. அரைக்கால் சட்டையும் முழங்கால் வரை காலுறையும் அணிந்திருந்த அதிகாரி ஒருவர் ஒவ்வொன்றையும் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"இதெல்லாம் என்ன?"

"மருந்து."

"எதற்கு?"

"உடம்புச் சூட்டுக்கு."

"உங்களுக்குக் காய்ச்சலா?" என்று ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"எனக்கில்லை, என் தங்கைக்கு. காய்ச்சல் இல்லை, சூடு" என்றேன். அவர் மூன்றையும் ஒரு தொட்டியில் போட்டு மூடினார். விதை, வேர், பூ எதுவும் இந்த நாட்டுக்குள் வரக்கூடாது என்று மிக மரியாதையாகச் சொன்னார். என்னை மட்டும் உள்ளே விட்டார்.

நான் சென்னையில் டிரங்க் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஊரார் பேசுவதைக் கேட்பதும், கேட்காத மாதிரி இருப்பதும்தான் வேலை. லைன் இரைச்சலாக இருந்தால் நடுவில் நாங்களே நின்று, இந்தப் பக்கம் சொல்வதை வாங்கி அந்தப் பக்கம் சொல்வோம். அப்பா தவறிவிட்டாராம், பெண் பார்க்க வரவேண்டாமாம், குழந்தை பிறந்துவிட்டதாம் என்று எத்தனையோ பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன். ஒரு வார்த்தை கூட்டக்கூடாது, ஒரு வார்த்தை குறைக்கக்கூடாது. அதில் எனக்கு நல்ல பெயர்.

எங்கள் வீட்டில் போன் கிடையாது. அதனால் சிட்னியிலிருந்து என் தங்கை கமலியின் கணவர் ராமநாதன் கூப்பிட்டபோது அந்த கால் எக்ஸ்சேஞ்சுக்கே வந்தது. இரைச்சல் தாங்கவில்லை. பக்கத்து நாற்காலி ஸ்டெல்லா நடுவில் நின்று எனக்கு எடுத்துச் சொன்னாள். "கமலி மாசத்துல ஒரு வாரம் ஆளே மாறிடறாளாம். அழறாளாம். சாம்பார் பாத்திரத்தை பால்கனியிலேர்ந்து தூக்கி எறிஞ்சுட்டாளாம். கொஞ்ச நாள் மெட்ராஸ்ல வெச்சுக்கிட்டா நல்லதாம்." கால் முடிவதற்குள் எக்ஸ்சேஞ்சில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. எல்லோரும் கேட்காத மாதிரி இருந்தார்கள்.

இந்தக் 'கொஞ்ச நாள்' எப்படிப்பட்டது என்று எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். என் பெரியப்பா மகள் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று புருஷன் வீட்டிலிருந்து வந்தவள், இன்றைக்கும் பெரியப்பா வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. அப்பாவிடம் இந்த விஷயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. நீண்ட லீவு போட்டு நான் புறப்பட்டேன். என் கணவர் ஹோட்டலில் சாப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அப்பா என் கையில் இரண்டு டிக்கெட்டுகளைக் கொடுத்தார். ஒன்று நான் போய்வர. இன்னொன்று, தேதி போடாதது, கமலி திரும்பி வர.

கமலியின் வீடு சிட்னியின் புறநகரான வென்ட்வேர்த்வில்லில், ஸ்டேஷனுக்கு அருகே, செங்கல் அடுக்குமாடியில் முதல் மாடி. ரயிலில் போனோம். கதவுகள் திறந்தபடியே வண்டி ஓடியது, ஆனால் ஒருவர்கூடத் தொங்கவில்லை. நம் ஊரில் இப்படி ஒரு வாய்ப்பை யாரும் வீணாக்க மாட்டார்கள். என்னை அழைத்துப்போக வந்திருந்த கமலி என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். இளைத்திருந்தாள். ஆனால் சிரித்துச் சிரித்துப் பேசினாள், எனக்குக் கத்திரிக்காய் பிடிக்கும் என்று வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாள். இவளுக்கு என்ன வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் தெரிந்தது. மார்பெல்லாம் வலிக்கிறது என்றாள். புடவைக் கட்டு இறுக்குகிறது என்று அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். டப்பாவில் இருந்த சர்க்கரையை ஸ்பூனால் அள்ளித் தின்றாள். தோசை வட்டமாக வரவில்லை என்று சுவரில் சாய்ந்து அழுதாள். வியாழக்கிழமை மாப்பிள்ளை, "ரசத்துல உப்பு கொஞ்சம் கம்மியோ?" என்றார். ரசப் பாத்திரம் பால்கனி வழியாகப் போனது. கீழ் வீட்டுக்காரர், வயதான வெள்ளைக்காரர், சற்று நேரத்தில் மேலே வந்து பாத்திரத்தைக் கொடுத்தார். கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். "நல்ல வாசனை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாளில் விலக்கு வந்தது. கமலி தெளிந்துவிட்டாள். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள், கீழ் வீட்டுக்காரருக்குக் கேசரி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அந்த மூன்று நாளுக்கு நம்மிடம் எத்தனை பெயர்கள் இருக்கின்றன. தூரம், விலக்கு, வீட்டில் இல்லை, குளிக்காமல் இருக்கிறாள். அதற்கென்று தனிப் பாய், தனித் தட்டு, சமையலிலிருந்து விடுதலை என்று ஏற்பாடுகளும் உண்டு. அதற்கு முந்தைய வாரத்துக்கு ஒரு பெயரும் இல்லை. பாயும் இல்லை, விடுதலையும் இல்லை. அந்த வாரத்தில் ஒருத்தி கத்தினால் அவளுக்கு வாய் அதிகம் என்பார்கள், அவ்வளவுதான்.

வெள்ளைக்கார டாக்டரிடம் அதற்கு ஒரு பெயர் இருந்தது. விலக்குக்கு முந்தைய டென்ஷன் என்று சொல்லி, கமலியைப் பார்க்காமல் மாப்பிள்ளையைப் பார்த்து, "ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்" என்றாராம். மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு கமலி இரண்டு நாள் தூங்கினாள். பாத்திரம் பறக்கவில்லை, சமையலும் நடக்கவில்லை. பக்கத்து ஊரான பராமட்டாவில் மணிமாலை போட்ட ஒரு பெண் இயற்கை உணவுக் கடை வைத்திருந்தாள். அவள் ஏதோ ஒரு பழச்செடியின் இலைத் தேநீரும் வைட்டமின் மாத்திரையும் கொடுத்து, உப்பைக் குறை, தினமும் நட, காபியை நிறுத்து என்றாள். கமலி உப்பைக் குறைத்தாள், நடந்தாள். "காபியை நிறுத்திட்டா அப்புறம் நான் எதுக்குக்கா காலையில எழுந்திருக்கணும்?" என்று கேட்டாள்.

பின் தெருவில் பரமேஸ்வரி அன்ரி இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கணவர் ஆஸ்பத்திரியில் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை எங்களை இடியப்பத்துக்குக் கூப்பிட்டார். சாப்பிட்ட பிறகு என்னைத் தனியாகக் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"உமக்கு ஒண்டு சொல்லுறன் பிள்ளை. டிக்சன் தெருவில ஒரு சீன வைத்தியர் இருக்கிறார். என்ர மூத்தவளுக்கும் உந்தக் கரைச்சல்தான். அவரிட்டப் போய்த்தான் சுகமானவள்."

"உங்க வீட்டுக்காரர் டாக்டராச்சே, அன்ரி?"

"ஓம், ஓம். அவருக்கு நான் இன்னும் சொல்லேல்லை" என்றார். "அந்தக் கதிரையில இரும், அட்ரஸ் எழுதித் தாறன்."

செவ்வாய்க்கிழமை கமலியும் நானும் சிட்னி நகரத்துக்குப் போனோம். மாப்பிள்ளைக்குக் கடைக்குப் போவதாகச் சொல்லியிருந்தோம். டிக்சன் தெருவில் கண்ணாடி ஜன்னல்களுக்குப் பின்னால் வறுத்த வாத்துகள் வரிசையாகத் தொங்கின. கமலி என் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள். வைத்தியர் லியோங்கின் கடைக்குள் நுழைந்ததும் தலைப்பை எடுத்துவிட்டாள். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், தராசு, காய்ந்த வேர், பட்டை, பூ. "அக்கா, இது நம்ம நாட்டு மருந்துக் கடைதான்" என்றாள்.

வைத்தியருக்கு அறுபது வயது இருக்கும், ஒரு பல் தங்கம். அவர் சீன மொழியில் பேசினார். அவருடைய மருமகள் அதை இங்கிலீஷில் சொன்னாள். நான் கமலிக்குத் தமிழில் சொன்னேன், அவளுக்கே இங்கிலீஷ் நன்றாகத் தெரியும் என்பது பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பழக்க தோஷம். கமலி முதலில் கையை நீட்ட மறுத்தாள். "முன்னப்பின்ன தெரியாத ஆம்பளைகிட்ட எப்படிக்கா?" அவளைத் தேற்றுவதற்காக என் கையை முதலில் நீட்டினேன்.

அவர் என் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு நிறையப் பேசினார். மருமகள் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்.

"உங்களுக்கும் அதே வியாதி இருக்கிறது என்கிறார். உங்களுடையது இன்னும் பழையது. வலது பக்கம் தலைவலி, மார்பு கனம், முந்தைய வாரத்தில் கோபம். ஆனால் நீங்கள் எதையும் வீசுவதில்லை, விழுங்கிவிடுகிறீர்கள். அது கல்லீரலில் நிற்கிறது."

"எனக்கு ஜலதோஷம்கூட வந்ததில்லை என்று சொல்லுங்கள்" என்றேன். கமலி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இழுப்பறைகளைப் பார்த்தேன். சில வாரங்களில் எக்ஸ்சேஞ்சில் எனக்கு ஹெட்போன் பாரமாக இருக்கும். கத்திப் பேசும் சந்தாதாரர்களின் லைன் அந்த வாரத்தில் தானாகவே அறுந்து போகும். அது லைன் கோளாறு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், சில சமயம் நானும்.

கமலியின் நாடியைப் பார்த்துவிட்டு, அவளுக்குக் கல்லீரலில் வாயு அடைத்திருக்கிறது, கர்ப்பப்பை குளிர்ந்திருக்கிறது என்றார். வாயு எங்களுக்கு அந்நியமில்லை. குளிர்ச்சிதான் இடித்தது. "எங்கள் ஊரில் இதைச் சூடு என்பார்கள்" என்று சொல்லச் சொன்னேன். வைத்தியர் தங்கப்பல் தெரியச் சிரித்தார். "உங்கள் ஊர் சூடு. இவள் குளிர்" என்றார். வெந்தயமும் நன்னாரியும் விமான நிலையத் தொட்டியில் கிடப்பதை நினைத்துக்கொண்டேன். அந்த அரைக்கால் சட்டை அதிகாரி ஒருவேளை வைத்தியம் தெரிந்தவரோ என்னவோ.

பத்தியம் உண்டா என்று கேட்டேன். மருமகள் அதைச் சொன்னதும் வைத்தியர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இந்த நாட்டில் இதுவரை எவரும் அவரிடம் இதைக் கேட்டதில்லையாம். குளிர்ந்தது எதுவும் ஆகாது. ஐஸ், ஐஸ்கிரீம், பச்சைக் காய்கறி, குளிர்ந்த நீர் எல்லாம் விலக்கு. இஞ்சியும் பழுப்புச் சர்க்கரையும் போட்ட வெந்நீர் நல்லது. மூன்று கிண்ணம் தண்ணீரில் மருந்தைப் போட்டு ஒரு கிண்ணமாக வற்றவைக்க வேண்டும். "நம்ம கஷாயமேதான்" என்றாள் கமலி. பெரிய பொட்டலங்களோடு ரயில் ஏறினோம். பேச்சு சுவாரசியத்தில் வேறு லைன் வண்டியில் ஏறி, யாரும் இறங்காத ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறங்கி, திரும்பி வந்தோம்.

கமலி தானே காய்ச்சித் தானே குடித்தாள். வீடெல்லாம் ஈர மரக்கட்டை வாசனை. மாப்பிள்ளையிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் இன்ஜினியர். "இதுல என்னென்ன இருக்குன்னு அவங்களுக்கே தெரியுமா?" என்றார். அவர் கெட்டவரில்லை. மனைவியைப் பார்த்துப் பயந்துபோயிருந்தார், பயந்த ஆண்கள் வேலையில் ஒளிந்துகொள்வார்கள். காலையில் போனால் இருட்டிய பிறகு வருவார்.

அடுத்த மாதம் அந்த வாரம் அப்படியே வந்தது. கமலி பகல் முழுக்க மெத்தையில் கிடந்து அழுதாள். மருந்து காய்ந்துகொண்டிருந்தபோது மாப்பிள்ளை கிச்சன் வாசலில் நின்று, "இன்னிக்கும் இந்த நாத்தமா?" என்றார். கஷாயமும் பாத்திரமும் பால்கனி வழியாகப் போயின. கீழ் வீட்டுக்காரர் பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுவந்தார். இந்த முறை வாசனையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மாப்பிள்ளை என்னிடம் வந்து, கீழே பார்த்தபடி கேட்டார். "அக்கா, அந்த ரெண்டாவது டிக்கெட்டுக்கும் தேதி போட்டுடலாமா?"

"இன்னும் ஒரு மாசம் பாருங்க, மாப்பிள்ளை."

"நானும் எவ்வளவு நாள்தான் பார்க்கறது? ஆபீஸ்ல உட்கார்ந்தா வீட்டுல என்ன பறக்குதோன்னு இருக்கு."

உள் அறையில் கமலி விழித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் போய் உட்கார்ந்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "என்னைப் பார்சல் பண்ணத்தானேக்கா வந்தே? எனக்குத் தெரியும். இந்த நாலு சுவத்துக்குள்ள பேச ஆளில்லாம கிடக்கறேன். மூணு வாரம் எல்லாத்தையும் அடக்கிக்கறேன். அந்த ஒரு வாரம் அடக்க முடியல. நான் அப்ப சொல்றது எதுவும் பொய் இல்ல. ஆனா எல்லாரும் அந்த ஒரு வாரத்தைத்தான் வியாதிங்கறாங்க." எனக்கு அழுகை வந்தது. விழுங்கிவிட்டேன். கல்லீரலைப் பற்றி அந்த ஆள் சொன்னது ஞாபகம் வந்து எரிச்சலாக இருந்தது.

மறுபடி டிக்சன் தெரு. இந்த முறை மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போனேன். உள் அறை சின்னது, அவர் வெளியே கடையில் வேர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். வைத்தியர் கமலியின் நாக்கைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"என்ன குளிர்ந்த பொருள் சாப்பிடுகிறாய்?" என்று மருமகள் கேட்டாள்.

"ஒன்றுமில்லை" என்றாள் கமலி.

"ஐஸ்கிரீம்?"

"தொடுவதே இல்லை."

"காலையிலிருந்து இரவு வரை என்ன சாப்பிட்டாய், வரிசையாகச் சொல்."

கமலி சொன்னாள். காபி, இட்லி, சாதம், குழம்பு, பொரியல், மறுபடி சாதம், ரசம். நிறுத்திக்கொண்டாள். வைத்தியர் காத்திருந்தார். "அப்புறம் தயிர்சாதம்" என்றேன் நான். "ஆனால் அது எல்லோரும் சாப்பிடுவது."

சத்தியமாக எங்கள் இருவருக்கும் அது தோன்றவேயில்லை. நம் ஊரில் எந்த வைத்தியர் எந்தப் பத்தியம் சொன்னாலும் கடைசியில் மிஞ்சுவது தயிர்சாதம்தான். கமலி இரண்டு வேளையும் ஃப்ரிட்ஜிலிருந்து தயிர் டப்பாவை எடுத்துச் சில்லென்று பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மருந்து கசக்கிறது என்று அதன் மேலேயே ஒரு டம்ளர் மோர் வேறு. போட்டுக் கொடுத்தவள் நான். மருமகள் மொழிபெயர்த்து முடித்ததும் வைத்தியர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"சோத்தோட கலந்துட்டா தயிர் குளிர்ச்சி இல்லைன்னு சொல்லுக்கா" என்றாள் கமலி. சொன்னேன். பலிக்கவில்லை. தயிர் தடை செய்யப்பட்டது. கமலிக்குக் கண்ணில் நீர் கோத்தது, நல்ல வாரத்திலேயே. இன்னொன்றும் சொன்னார். மெல்போர்னில் அவருடைய அண்ணன் ஊசி குத்துவதில் கெட்டிக்காரர், அந்த வாரம் வருவதற்குள் அங்கே போய் வந்தால் நல்லது. கடைசியாக மருமகள், "மருந்து காயும்போது யாராவது பக்கத்திலேயே இருங்கள், பொங்கிவிடும்" என்றாள்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை, "என்னக்கா சொன்னாங்க?" என்றார்.

நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். தயிர், மெல்போர்ன், ஊசி. மருந்து காய்ச்சுவதற்கு வந்ததும் என் வாய் ஒரு நொடி நின்றது. இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் ஒரு வார்த்தை கூட்டியதில்லை. "மருந்தைப் புருஷன்தான் காய்ச்சணுமாம். பக்கத்திலேயே உட்கார்ந்து. அந்தக் கைராசியிலதான் கேக்குமாம்" என்றேன்.

கமலி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கைராசியா?" என்றார் மாப்பிள்ளை. "அதுக்கு என்னக்கா லாஜிக்?"

"லாஜிக் எனக்குத் தெரியாது. அவர் சொன்னதைச் சொல்றேன். நான் எதையும் கூட்டிச் சொல்ற வழக்கமில்லை, உங்களுக்கே தெரியும்."

இன்ஜினியர்கள் ஒரு வேலையை நம்பாவிட்டாலும் சரியாகச் செய்வார்கள். அன்று முதல் மாப்பிள்ளை நேரத்தோடு வீட்டுக்கு வந்தார். கிச்சனில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பாத்திரத்தையே பார்த்தார். மூன்று கிண்ணம் ஒரு கிண்ணமாக வற்றுவதற்கு நிறைய நேரம் ஆகும். வெறுமனே எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது? முதல் நாள் பேசாமல் இருந்தார். பிறகு வெங்காயம் உரித்துக் கொடுத்தார். பிறகு கமலியிடம் பகலில் என்ன செய்தாய் என்று கேட்டார். அவள் சொன்ன பதில் அந்தக் கஷாயம் வற்றும்வரை நீண்டது. நான் ஹாலில் உட்கார்ந்து, கேட்காத மாதிரி இருந்தேன்.

மாப்பிள்ளைக்கு மெல்போர்னை ஒட்டிய டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் ஒரு வார வேலை வந்தது. மூவரும் மெல்போர்னுக்கு ரயிலில் போனோம். வழி முழுக்கப் பசும்புல், ஆடு, மறுபடி ஆடு. எதிரே இருந்த அம்மாள் இன்னோர் அம்மாளிடம், "அந்தப் பொட்டுகளைப் பார், ஒவ்வொரு நாளும் வரைய எவ்வளவு நேரம் ஆகுமோ" என்றாள். கமலி அவளுக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கொடுத்தாள். அவள் ஒட்டிக்கொண்டு மெல்போர்ன் வரை வந்தாள்.

டண்டினொங்கில் சமையல் மேடை வைத்த ஒரு மோட்டல் அறையில் தங்கினோம். முதல் மாலை மாப்பிள்ளை மருந்தை அடுப்பில் ஏற்றிய சற்று நேரத்தில் மேனேஜர் கதவைத் தட்டினார். கூரைக்குள் பெருச்சாளி எதுவும் செத்துக் கிடக்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். மாப்பிள்ளை கரண்டியோடு நின்று, "என் மனைவிக்கு மருந்து. நான்தான் காய்ச்ச வேண்டும்" என்று விளக்கினார். மேனேஜர் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, "என் மனைவியிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்" என்று போய்விட்டார்.

மெல்போர்னில் மூத்த லியோங் லிட்டில் பர்க் தெருவில் ஒரு மாடியில் இருந்தார். தம்பியைவிடக் கறார். கமலியின் காலிலும் கையிலும் வயிற்றிலும் முடி போன்ற ஊசிகளைச் செருகினார். வலிக்கிறதா என்றேன். "ரசத்துல உப்பு கம்மின்னு சொன்னதைவிட வலிக்கல" என்றாள். பிறகு காய்ந்த இலையைச் சுருட்டுபோல் உருட்டி, பற்றவைத்து, அவள் அடிவயிற்றுக்கு மேல் பிடித்து அனல் காட்டினார். அந்த இலையைக் கசக்கி முகர்ந்தேன். மரிக்கொழுந்தின் தூரத்து உறவு போலிருந்தது. புகையின் வாசனை மட்டும் வேறு.

எப்படி வேறு என்பது டிராமில் தெரிந்தது. நாங்கள் ஏறி உட்கார்ந்ததும் சுற்றியிருந்தவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். கண்டக்டர் எங்கள் பக்கம் வந்தார், பட்டுப்புடவைகளைப் பார்த்தார், குழம்பினார், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். பின் இருக்கையில் தோள்வரை முடி வைத்த இளைஞன் ஒருவன் முன்னால் குனிந்து, பக்தியோடு, "சகோதரிகளே, இவ்வளவு நல்ல கஞ்சா எங்கே கிடைக்கிறது?" என்றான். மருந்து என்றேன். "எனக்கும் மருந்துதான்" என்றான். லிட்டில் பர்க் தெரு விலாசத்தைக் கொடுத்தேன். அவன் போய் என்ன ஊசி வாங்கினானோ தெரியாது.

அந்த வாரம் மெல்போர்னில் வந்தது. கமலிக்கு மார்பு வலித்தது, தலை கனத்தது, மோட்டல் திரைச்சீலையின் நிறத்துக்காகக் கொஞ்சம் அழுதாள். வியாழக்கிழமை மாலை கஷாயம் ஒரு கிண்ணமாக வற்றிக்கொண்டிருந்தது. அவள் மேடைக்கு அருகே போய்ப் பாத்திரத்தின் இரண்டு காதையும் துணியால் பிடித்தாள். நான் நாற்காலியில் அசையாமல் இருந்தேன். தேதி போடாத டிக்கெட் என் கைப்பையில் இருந்தது.

"எறியணும்போல இருக்கு" என்றாள் கமலி.

இதற்கு முன் அவள் அதை ஒரு தடவையும் சொன்னதில்லை. நேராக எறிந்துவிடுவாள். மாப்பிள்ளை ஸ்டூலிலிருந்து எழுந்தார். "அதை வேண்டாம், ரொம்ப நேரம் உட்கார்ந்து காய்ச்சியிருக்கேன்" என்றார். பின்பக்கக் கதவைத் திறந்தார். வெளியே காலி மனை, அதற்கப்பால் ஒரு கிடங்கின் சுவர். உருளைக்கிழங்குப் பையை எடுத்துவந்து ஒன்றை அவள் கையில் கொடுத்தார். "இதை எறி."

அவள் அவரைப் பார்த்தாள், கிழங்கைப் பார்த்தாள். வீசினாள். சுவரில் பட்டுச் சத்தம் கேட்டது. அவர் அடுத்ததைக் கொடுத்தார். "ஒவ்வொரு தடவையும் கீழ் வீட்டுக்காரர்கிட்ட நான்தான் போய் மன்னிப்புக் கேக்கணும்!" என்று கத்திக்கொண்டு எறிந்தாள். "சரி" என்றார். "ஞாயித்துக்கிழமைகூட வெளியில கூட்டிப் போனதில்லை!" "சரி." "டாக்டர்கிட்ட என்னைப் பேச விடவே இல்லை!" "அது தப்புதான்" என்றார். பை காலியானது. கமலி வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள், பிறகு அழுதுகொண்டே சிரித்தாள். மாப்பிள்ளை கஷாயத்தை வடிகட்டி, ஆற்றி, கொடுத்தார். குடித்தாள். அன்று இரவு உருளைக்கிழங்கு வறுவல் இல்லை, வெறும் ரசம்தான். உப்பு குறைவாக இருந்தது. யாரும் சொல்லவில்லை.

சரியாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. அந்த வாரம் இனியும் வரும். ஆனால் வலி குறைந்தது, தூக்கம் வந்தது, பாத்திரங்கள் வீட்டுக்குள் இருந்தன. மருந்தா, ஊசியா, தயிரை விட்டதா, மாப்பிள்ளை ஸ்டூல் போட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. சிட்னிக்குத் திரும்பியதும் பரமேஸ்வரி அன்ரியிடம் கேட்டேன். "எதெண்டு பாத்து என்ன செய்யப் போறீர்? எல்லாத்தையும் விடாமச் செய்யச் சொல்லும்" என்றார்.

நான் புறப்படும் நாள் வந்தது. டிக்கெட்டை எடுத்துக் கமலியிடம் நீட்டினேன். வாங்கிப் பீரோவில் வைத்துக்கொண்டாள். "வர்றேன்க்கா. அந்த வாரத்துல இல்ல, நல்லா இருக்கற ஒரு வாரமாப் பார்த்து, லீவுக்கு வர்றேன். அப்பாகிட்ட அப்படியே சொல்லு, ஒரு வார்த்தை மாத்தாம." அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கிண்டல் இருந்தது.

விமான நிலையத்தில் அவள் தண்ணீர் குடிக்கப் போனபோது மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்தார்.

"அக்கா, மெல்போர்ன் போறதுக்கு முன்னாடி மருந்து வாங்க நான் மட்டும் போனேன் இல்ல? அப்ப அந்த மருமகப் பொண்ணைக் கேட்டேன். புருஷன்தான் காய்ச்சணும்னு அப்படி ஒரு விதியே கிடையாதாம்."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவர் ஒரு கனத்த பொட்டலத்தை என் கையில் வைத்தார். டிக்சன் தெருக் காகிதம், டிக்சன் தெரு முடிச்சு.

"இது உங்களுக்கு. உங்க நாடியில என்ன சொன்னாங்கன்னு கமலி சொன்னா. அங்க உங்களுக்கு யாரு காய்ச்சித் தருவாங்க, அக்கா?"

பொட்டலத்தைக் கைப்பையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

சென்னையில் கஸ்டம்ஸ்காரர் பொட்டலத்தை முகர்ந்துவிட்டு, டேப்ரிகார்டர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். வீட்டுக்கு வந்து குளித்து, மாலையில் ஹாலில் என் கணவருக்கு எதிரே உட்கார்ந்தேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பொட்டலத்தை நடுவில் வைத்தேன்.

"என்ன இது?"

"மருந்து. சிட்னியில ஒரு டாக்டர் கொடுத்தார். கஷாயமாக் காய்ச்சணும். நீங்கதான் காய்ச்சணுமாம்."

"யாருக்கு?"

"எனக்கு. மாசத்துல ஒரு வாரம் எனக்கு உடம்பு சரியா இருக்கறதில்லை. கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்தே."

இதை நான் ஒருவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் பேப்பரை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார்.

"தெரியும்" என்றார். "அந்த வாரம் மட்டும் உப்புமாவுல உப்பு இருக்காது. சொன்னா கோச்சுப்பியோன்னு தின்னுட்டுப் போயிடுவேன்."

இத்தனை வருஷம் அந்த உப்புமா எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்திருக்கிறது, ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இந்த முறை இரண்டில் எதையும் விழுங்கவில்லை. அவர் எழுந்தார். பிறகு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். ஒரு டப்பா விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தீப்பெட்டி எங்க வெச்சிருக்கே?"

நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

"தேடுங்க" என்றேன்.